பாட்டி இல்லை, பட்டி: ஒரு ‘ஃப்ளாப்’ கலைஞனின் கதை

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, “ஜஸ்பால் பாட்டியைப் பற்றிப் பேசுவார்” என்றார். உடனே பின்வரிசையில் ஒரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மன்னிக்கணும் அம்மா, பாட்டி இல்லை, பட்டி. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி மாதிரி சொன்னால் சரியாக வந்துவிடும். ஆள் பஞ்சாபி, தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர். தலைப்பாகை, தாடி, தடித்த கண்ணாடி, சிரிக்கவே சிரிக்காத முகம்.

1955 மார்ச் 3 அன்று அமிர்தசரசில் பிறந்தவர். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தார். இந்த எலக்ட்ரிகலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். படிக்கிற காலத்திலேயே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று பெயர் வைத்து நண்பர்களோடு தெரு நாடகம் போட்டிருக்கிறார். அப்புறம் சண்டிகரிலிருந்து வரும் ‘தி ட்ரிபியூன்’ நாளிதழில் கார்ட்டூன் வரைந்தார்.

கார்ட்டூன் வரைகிறவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கட்டம். அதற்குள் ஊர் அநியாயம் தெரிய வேண்டும், விளக்கம் சொல்ல இடம் கிடையாது. அந்தப் பழக்கத்தோடுதான் இவர் தொலைக்காட்சிக்குள் வந்தார். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பில் ‘உல்டா புல்டா’ என்று சில நிமிடத் துணுக்கு ஒன்று வரும். உல்டா என்ற சொல்லை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சினிமாக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பல் தேய்த்துக்கொண்டே பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவுதான் நீளம்.

1989இல் வந்ததுதான் ‘ஃப்ளாப் ஷோ’. மொத்தமே 10 பகுதிகள். இன்றைக்கு ஒரு மெகா சீரியலில் மாமியார் மாடிப்படி இறங்கி முடிப்பதற்கே அத்தனை பகுதிகள் ஆகின்றன.

அப்போது எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. சேனல் மாற்ற வேண்டிய தொல்லையே இல்லை, இருந்தது ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பக்கத்து வீட்டில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். அவர் வந்து உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்ப்பார். முதலில் அவர் சிரிப்பார், பிறகு சொல்வார், இரண்டு விநாடி கழித்து நாங்கள் சிரிப்போம். ஆக, எங்கள் வீட்டில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் சிரிப்பு இரண்டு தடவை கேட்கும்.

அதில் ஒரு பகுதி மருத்துவச் செலவுக் கணக்கைப் பற்றியது. அரசு ஊழியர்கள் பொய் பில் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுகிற கதை. என் அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தொடக்கத்தில் எங்களோடு சேர்ந்து நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். மாமா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவர் சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிதாக உடம்புக்கு வரவில்லை. ஆனால் தீபாவளிக்கு முன்னால் ஏதோ ஒரு மருத்துவ பில் பாஸானது, எனக்குப் புதுச் சட்டை கிடைத்தது. அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர், அந்தப் பகுதி முடிகிற வரைக்கும் திரும்பி வரவில்லை.

பட்டியின் வேலை அதுதான். அரசியல்வாதியைத் திட்டினால் எல்லோரும் கைதட்டுவோம், அதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. இவர் கை வைத்தது நம்மீது. ஆய்வு மாணவனைக் கூலி இல்லாத வேலைக்காரனாக நடத்தும் பிஎச்.டி வழிகாட்டி, எந்த முடிவும் எடுக்காமல் மீட்டிங் மேல் மீட்டிங் போடும் அதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் விருந்தாளி, வீட்டு மனை தரகர், கான்ட்ராக்டர். இவர்களில் ஒருவருக்கும் தான் தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே வராது. ஊரில் நடக்கிறதுதானே என்ற பாவனையில் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பிஎச்.டி பகுதியில் அந்தப் பேராசிரியர் வேடத்தைப் பட்டியே போட்டுக்கொண்டார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவரே எழுதி, அவரே இயக்கிய தொடர் அது. விரும்பினால் ஏமாந்த நல்லவனாக நடித்து நம் கண்ணீரை வாங்கியிருக்கலாம். அவர் அக்கிரமக்காரனின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாணவனாக வந்தவர் விவேக் ஷௌக். துறுதுறுவென்று இருப்பார். பட்டியின் கல் முகத்துக்குப் பக்கத்தில் அவர் தவிக்கிற தவிப்பைப் பார்க்க வேண்டும்! மனைவியாகப் பெரும்பாலும் வந்தவர் பட்டியின் மனைவி சவிதாவேதான். தொடரின் தயாரிப்பாளரும் அவரே. பணம் அதிகம் இல்லாத தயாரிப்பு என்பது பார்த்தாலே தெரியும். அந்த ஏழ்மையே அதற்கு ஓர் அழகைக் கொடுத்தது. உண்மையான அரசு அலுவலகம் அதைவிட நன்றாகவா இருக்கும்?

பகுதியின் தொடக்கத்தில் ஒரு சமர்ப்பணம் வரும். மகான்களுக்கு அல்ல, அன்றைய கதையில் யாரைக் கிழிக்கப் போகிறாரோ அவர்களுக்கு! முடிவில் பிரபலமான இந்திப் படப் பாட்டு ஒன்றின் மெட்டில் கிண்டல் பாட்டு. பெயர்ப் பட்டியலில் ‘இயக்கம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தவறான இயக்கம்: ஜஸ்பால் பட்டி’ என்ற பொருளில் போட்டுக்கொள்வார். தலைப்பிலேயே ‘ஃப்ளாப்’ என்று சொல்லியாகிவிட்டது. விமர்சகருக்கு இனி என்ன மிச்சம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது 1989. பஞ்சாப் எப்படி இருந்தது? தீவிரவாதம், போலீஸ் நடவடிக்கை, 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. 1984இல் அவர் பிறந்த அமிர்தசரசின் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அதே ஆண்டு இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். நாட்டின் பல இடங்களில் தலைப்பாகையைக் கண்டால் சந்தேகப் பார்வை. அதற்கு முன்பாவது மரியாதை இருந்ததா என்றால், ‘சர்தார்ஜி ஜோக்’ என்று ஒரு சரக்கு இருந்தது. சர்தார் என்றால் மூளை இல்லாதவன் என்று சிரித்துக்கொண்டிருந்தோம், நாமும்தான். இந்தச் சூழலில் ஒரு சர்தார் ஒவ்வொரு வீட்டு வரவேற்பறைக்கும் வந்து, உங்கள் ஊழலைப் பாருங்கள் என்று காட்டிவிட்டுப் போகிறார். சிரிக்கப்படுகிறவன் இடத்திலிருந்து சிரிக்க வைக்கிறவன் இடத்துக்கு, ஒரு வார்த்தை முழக்கம் போடாமல் நகர்ந்துவிட்டார். அதுவும் அரசாங்கத்தின் சொந்தத் தொலைக்காட்சியில். அதை அனுமதித்த தூர்தர்ஷனையும் கொஞ்சம் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

திரைக்கு வெளியேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அரசியல்வாதிகள் சட்டவிரோத வழியில் பணம் வாங்கியதாகச் சொன்ன ஹவாலா ஊழல் பேசப்பட்ட காலத்தில் ‘ஹவாலா கட்சி’, பொருளாதார மந்தம் வந்த 2009இல் ‘ரெசஷன் கட்சி’ என்று வேடிக்கைக் கட்சிகள் தொடங்கினார். எனக்கு மிகப் பிடித்தது சண்டிகர் செக்டர் 17இல் அவர் போட்ட கடை. நம் ஊர்ப் பொருட்காட்சியில் வளையம் வீசுவோமே, சோப்பு டப்பாவின் மேல் விழுந்தால் சோப்பு நமக்கு, அதே விளையாட்டு. மேசையில் சோப்புக்குப் பதில் காய்கறி, பருப்பு, எண்ணெய். விலை ஏறிக் கிடந்த நேரம். வளையம் சரியாக விழுந்தால் வீட்டுக்குப் பருப்பு! விலைவாசி பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கடையை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

சினிமா கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திப் படங்களில் நிறைய சின்ன வேடங்கள். 2006இல் வந்த ‘ஃபனா’வில் அவர் பெயர் ஜாலி குட் சிங். பெயரைக் கேட்டாலே தெரிகிறதல்லவா, மும்பை அவரை மறுபடியும் சர்தார் ஜோக்குக்குள் அடைக்கத்தான் பார்த்தது. சம்பளம் வந்திருக்கும், போகட்டும். அவர் இயக்கிய படங்கள் வேறு. 1999இல் பஞ்சாபியில் ‘மாஹௌல் டீக் ஹை’ எடுத்தார். ‘நிலைமை சரியாக இருக்கிறது’ என்று அர்த்தம். போலீஸைப் பற்றிய படத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு உண்டா? மொகாலியில் ‘மேட் ஆர்ட்ஸ்’ என்று ஒரு திரைப்படப் பள்ளியும் நடத்தினார். அங்கே இருந்த ஸ்டுடியோவின் பெயர் ‘ஜோக் ஃபேக்டரி’.

இப்போது அந்த எலக்ட்ரிகலுக்கு வருவோம். அவருடைய கடைசிப் படத்தின் பெயர் ‘பவர் கட்’. மின்வெட்டைப் பற்றி எலக்ட்ரிகல் இன்ஜினியர் எடுத்த நகைச்சுவைப் படம். கதாநாயகன் அவர் மகன் ஜஸ்ராஜ். படம் 2012 அக்டோபர் 26 அன்று வெளியாக வேண்டும். அதற்காக ஊர் ஊராக விளம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 25ஆம் தேதி அதிகாலை, ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் மரத்தில் மோதியது. மகனும் கதாநாயகியும் காயத்தோடு தப்பினார்கள். பட்டி இறந்துவிட்டார். வயது 57. விவேக் ஷௌக் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டிருந்தார். 2013இல் அரசாங்கம் பட்டிக்குப் பத்ம பூஷண் அறிவித்தது. வாழ்நாள் முழுக்க அரசு அலுவலகத்தைக் கேலி செய்தவருக்கு அரசு விருது, அதுவும் ஆள் போன பிறகு. இதையே அவரிடம் கொடுத்திருந்தால் ஃப்ளாப் ஷோவுக்குப் பதினோராவது பகுதி கிடைத்திருக்கும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது. சரி, இப்போது அந்த மீட்டிங் பகுதியைத் திரையில் போடப் போகிறோம். தம்பி, அந்த முன்விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். டீயும் வந்துவிட்டது. இந்தி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் மாறி உட்காருங்கள். இரண்டு விநாடி தாமதமாகச் சிரித்தாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்த்தோம்.