அடுத்தவர் மனதை ஊகித்து ஓட்டுப் போட வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாலைப் பொழுதைத் தமிழ்ச் சங்கத்துக்காக ஒதுக்கி வந்திருக்கும் சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் முதலில் பார்க்க வேண்டியது வெற்றி வாய்ப்பா, மருத்துவக் கொள்கையா? இதுதான் இன்றைய தலைப்பு. மருத்துவக் கொள்கையே என்று சொல்லும் அணியில் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் இரண்டு ஆண்டுகளை எடுத்து வைத்தார். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் கொள்கை பேசினார், 49 மாநிலங்களில் தோற்றார். 2020-ல் ஜெயிக்கக்கூடியவர் என்று பார்த்து ஜோ பைடனை நிறுத்தினார்கள், ஜெயித்தார். இரண்டும் உண்மைதான். ஆனால் நடுவில் உள்ள ஆண்டுகளை அண்ணன் தொடவே இல்லையே! 1984-ல் கேரி ஹார்ட் வேண்டாம், அனுபவசாலி வால்டர் மாண்டேல் போதும் என்றார்கள். அவரும் 49 மாநிலங்களில் தோற்றார். 2004-ல் ஹோவர்ட் டீனை ஒதுக்கிவிட்டு, வியட்நாமில் போர் கண்ட ஜான் கெர்ரிதான் புஷ்ஷை வீழ்த்துவார் என்று நம்பினார்கள். வீழ்த்தவில்லை. 2008-ல் கறுப்பினத்தவர் ஒருவரை இந்த நாடு அதிபராக்குமா என்று கறுப்பின வாக்காளர்களே தயங்கினார்கள். முதலில் ஓட்டுப் போட்ட, வெள்ளையர் நிறைந்த அயோவா மாநிலத்தில் ஒபாமா ஜெயித்த பிறகுதான் அந்தத் தயக்கம் கரைந்தது. 2016-ல் டிரம்ப்பால் ஜெயிக்கவே முடியாது என்று அவருடைய கட்சிக்குள்ளேயே பேசினார்கள். நடந்தது நமக்குத் தெரியும்.

ஆக, வெற்றி வாய்ப்பு என்பது ஒரு ஊகம். ஊகம் தவறுவதைக்கூட மன்னித்துவிடலாம். அது யாருடைய மனதைப் பற்றிய ஊகம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என் விருப்பம் எனக்குத் தெரியும். ஆனால் வேறு ஏதோ ஒரு மாநிலத்தில், நான் பார்த்தே இராத ஒருவர் என்ன நினைப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு, அதற்கேற்ப என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். அவரும் என்னைப் பற்றி அப்படியே ஒரு கணக்குப் போட்டால்? இரண்டு பேரும் விரும்பியது ஒன்றாகவே இருந்தாலும் அது வெளியே வராமலே போய்விடும்.

2020-ல் இதுதான் நடந்தது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியில் இரண்டு யோசனைகள் மோதின. எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு, தனியார் காப்பீட்டுக்குப் பதிலாக. இது பெர்னி சாண்டர்ஸின் ‘அனைவருக்கும் மெடிகேர்’; மெடிகேர் என்பது முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு. தனியார் இருக்கட்டும், பக்கத்தில் அரசும் ஒரு காப்பீட்டைத் தரட்டும், விரும்பியவர் சேரலாம். இது பைடனின் யோசனை. மார்ச் 3-ம் தேதி, பல மாநிலங்கள் ஒரே நாளில் பிரைமரி நடத்தும் சூப்பர் செவ்வாயன்று டெக்சாஸ், வர்ஜீனியா, டென்னசி மாநிலங்களில் ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டார்கள். தனியார் காப்பீட்டை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அரசுத் திட்டம் வேண்டும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அந்த மூன்று மாநிலங்களிலும் ஜெயித்தவர் பைடன்! கொள்கையில் ஒத்துப்போகிறவரைவிட டிரம்ப்பைத் தோற்கடிக்கக்கூடியவரே முக்கியம் என்று அவர்களே சொன்னார்கள். தங்களுக்கு வேண்டியதை வாயால் சொல்லிவிட்டு, வேறொன்றுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயம் அப்படி. ஆனால் அந்தப் பயம் எதைக் காப்பாற்றியது என்று பார்க்க நெவாடாவுக்குப் போக வேண்டும்.

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்களின் சங்கம் கலினரி யூனியன். சுமார் 60,000 உறுப்பினர்கள். ஆண்டுக்கணக்கில் போராடி அவர்கள் பெற்ற மருத்துவக் காப்பீடு நாட்டிலேயே சிறந்தவற்றில் ஒன்று. சாண்டர்ஸ் வந்தால் இந்தக் காப்பீடு போய்விடும் என்று சங்கத் தலைமை துண்டறிக்கை கொடுத்தது. அவர்களின் கவலை நியாயமானது. ரத்தமும் வியர்வையும் கொடுத்து வாங்கியதை ஒரு வாக்குறுதிக்காக யார் விடுவார்கள்? ஆனாலும் பிப்ரவரி 22 அன்று, விடுதிகளுக்குள்ளேயே நடந்த கட்சி வாக்கெடுப்பில் பல இடங்களில் சாண்டர்ஸே முன்னே வந்தார். என்னிடம் நல்ல காப்பீடு இருக்கிறது, என் தங்கைக்கும் மருமகனுக்கும் இல்லையே என்று நினைத்தவர்கள் அந்தத் தொழிலாளர்களில் இருந்தார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் நடுவில் கொரோனா வந்து அத்தனை விடுதிகளும் மூடப்பட்டன. மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். வேலையோடு கட்டிய காப்பீடு, வேலை போகும்போது என்ன ஆகும் என்று நாடே கேட்க வேண்டிய நேரத்தில், ஏப்ரல் 8-ம் தேதி சாண்டர்ஸ் விலகினார். கேட்க வேண்டிய மேடை காலியாகிவிட்டது. இந்த அரங்கில் எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வேறு வழி தேட நமக்கு 60 நாள். காப்பீட்டையும் அந்த அறுபது நாளுக்குள் யோசிக்க வேண்டும்.

சரி, கொள்கையை வெற்றிக்காக வளைத்தவர்கள் வென்றார்களா? 2019 ஜூன் மாதம் மயாமி விவாதத்தில், தனியார் காப்பீட்டை ஒழிப்பீர்களா என்ற கேள்விக்குக் கமலா ஹாரிஸ் கை தூக்கினார். தாய்வழித் தாத்தாவின் ஊர் நம் துளசேந்திரபுரம் என்பதால் நாம் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்தோம். மறுநாளே, கேள்வியை வேறு மாதிரி புரிந்துகொண்டேன் என்றார். அடுத்த மாதம் இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் ஒரு நடுத்திட்டம். டிசம்பரில் போட்டியிலிருந்தே விலகினார். எலிசபெத் வாரனும் நவம்பரில் முழுத் திட்டத்தை அறிவித்து, அதே மாதத்தில் அதைக் கட்டம் கட்டமாகத் தள்ளிப்போட்டார். அதற்குப் பிறகு அவரால் ஏற முடியவில்லை.

நடுவர் அவர்களே, பிரைமரியில் கொள்கையை முன்வைத்தால் அந்த வேட்பாளர் தோற்றாலும் கொள்கை பிழைக்கும். 2008-ல் ஹிலாரி கிளின்டன், ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி வேண்டும் என்றார். ஒபாமா அதை எதிர்த்தார், பெரியவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். ஹிலாரி தோற்றார். 2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அதே கட்டாய விதி இருந்தது! தோற்றவரின் கொள்கை ஜெயித்தவரின் கையால் சட்டமானது. பிரைமரியில் மாதக்கணக்கில் அதைப் பற்றி வாதாடியதால்தான் அது சாத்தியமானது.

அந்தச் சட்டத்தால் ஜனநாயகக் கட்சிக்கு என்ன கிடைத்தது? அதே ஆண்டு நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்கள் போயின. வெற்றி வாய்ப்பை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சட்டத்தைத் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் அதனால் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகக் காப்பீடு கிடைத்தது. 2017-ல் வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தும் அதை அழிக்க முடியவில்லை. ஜூலை 28 அதிகாலை, புற்றுநோயோடு வந்து நின்ற அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டினார், 49-க்கு 51 என்று அந்த முயற்சி தோற்றது. தேர்தலில் போன சபைப் பெரும்பான்மை 2018-ல் திரும்பி வந்தது, அதுவும் மருத்துவத்தைப் பேசியே வந்தது.

இன்னொன்றையும் சபையோர் கவனிக்க வேண்டும். 2018-ல் ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா. மூன்றும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்கலாமா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். மூன்றிலும் ஆம் என்றார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜெயிக்க முடியாத மண்ணில் அதன் கொள்கை ஜெயித்தது.

அண்ணன் இன்னும் ஒரு நல்ல வாதத்தை வைத்தார்: பைடன் ஜெயித்ததால்தானே 2022-ல் மெடிகேரில் உள்ளவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்குள் வந்தது என்றார். வந்தது. செனட்டில் 51-க்கு 50 என்ற ஒற்றை ஓட்டில் வந்தது. அதற்காகப் பைடனுக்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2020-ல் அவர் வாக்குறுதி தந்தது வேறு. விரும்பியவர் யாரும் சேரக்கூடிய அரசுக் காப்பீடு. ஜெயிப்பதற்கு ஏற்ற மிதமான திட்டம் என்று சொல்லித்தானே அதைக் கொடுத்தார்கள்? நான்கு ஆண்டுகளில் அது ஒருமுறைகூட வாக்கெடுப்புக்கு வரவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தத் திட்டத்தை யாராவது பிரைமரியில் விடாப்பிடியாகக் கேட்டிருந்தால், அது இப்படிக் காணாமல் போயிருக்குமா?

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.