பூட்டிய கதவும் விழுந்த சுவரும்

அவைக்கு வணக்கம். தலைவர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். நீங்கள் சற்று முன் பார்த்து முடித்த படம் எழுபது நிமிடம் ஓடியது. ஒரு வார்த்தை பேசாத படம், ஒருவரும் கொட்டாவி விடவில்லை. பேச வந்தவனுக்கு இதைவிட இக்கட்டு வேறு இல்லை.

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்த 'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' வெளிவந்தது 1928இல். நம் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது 1924இல். ஆக, பாலத்துக்கு இந்தப் படம் நான்கு வயது இளையது. இரண்டையும் இன்றைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

இந்தப் படத்தைப் போடுவோம் என்று நான் சொன்னபோது வாசிகசாலைக் குழுவில் ஒரு தம்பி தயங்கினார். "சேர், மட்டக்களப்பில் சூறாவளிப் படமா? அதுவும் சிரிப்புப் படமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. படம் எடுத்த இடத்திலும் ஏறக்குறைய இதே கேள்வி எழுந்தது. கீட்டன் முதலில் நினைத்திருந்தது ஆற்று வெள்ளத்தை. 1927இல் மிசிசிப்பி பெருகி ஊர்களை அழித்த நேரம் அது. வெள்ளத்தை வைத்துச் சிரிக்க வைக்கலாமா என்று தயாரிப்புத் தரப்பு தடுத்தது. சரி என்று அவர் வெள்ளத்தைச் சூறாவளியாக மாற்றிவிட்டார். சூறாவளியில் மட்டும் ஆட்கள் சாவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்லும் தகுதி ஹொலிவூட்டைவிட நமக்குத்தான் அதிகம். என் விடையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொப்பிக் கடை. நீராவிப் படகோட்டும் முரட்டுத் தந்தை, பொஸ்டனிலிருந்து வந்து இறங்கிய மெல்லிய மகன். மகனின் தட்டைத் தொப்பியைக் கண்டாலே தந்தைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைக்கு இழுத்துப்போய்த் தொப்பிமேல் தொப்பியாக அவன் தலையில் வைத்துப் பார்க்கிறார். கீட்டன் முகத்தில் ஓர் அசைவு இல்லை, ஆனால் ஒவ்வொரு தொப்பிக்கும் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். மற்றப் படங்களில் அவர் வழக்கமாக அணியும் தொப்பியும் நடுவில் வருகிறது. அதை மட்டும் யாரும் கண்டுவிடக்கூடாது என்பதுபோல் சட்டென்று கழற்றிவிடுகிறார். கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகிறது. படத்தில் காற்று செய்யும் முதல் திருட்டு அது. பிறகு ஊரையே தூக்கப்போகிற காற்று, தொப்பியில் கைபழகுகிறது!

சிறையிலிருக்கும் தந்தை தப்புவதற்காக, கருவிகளை உள்ளே ஒளித்த பாணை மகன் கொண்டுபோகும் காட்சிக்கு முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பை நான் திரும்பச் சொல்லித் தேய்க்க விரும்பவில்லை. மழையில் ஊறிய பாண் பிய்ந்து உள்ளிருந்த கருவிகள் எல்லாம் கொட்டுகின்றன. காவலர் பார்க்கிறார். மா குழைக்கும்போது கருவிப் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வருகிறது. அவ்வளவு போதும்.

நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். தொப்பிக் கடை எள்ளல். பாண் பேதைமை. ஆனால் அந்தச் சுவர்? சூறாவளியில் வீட்டின் முகப்பு முழுவதும் பெயர்ந்து கீட்டன்மேல் சாய்கிறதே, மாடி யன்னலின் வெற்றிடம் மட்டும் அவரைச் சுற்றி இறங்குகிறதே, அது நான்கில் எது? நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அகப்படவில்லை.

அது அட்டைச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையாக இருந்தால் காற்று இயந்திரங்கள் அடிக்கும் வேகத்தில் முறுகிவிடும். ஆகவே கனமாகவே கட்டினார்கள், ஏறத்தாழ இரண்டு தொன். தோளுக்கும் யன்னல் சட்டத்துக்கும் இடையில் விட்ட இடைவெளி சில அங்குலம். ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. கமராவைத் தள்ளி வைத்து, தலைமுதல் பாதம்வரை ஆள் தெரிய, ஒரே மூச்சில் எடுத்தது. நம் வட்டக்களரியில், அந்த வட்டமான கூத்து மேடையில், கூத்தர் நாலு பக்கமும் கண்கள் இருக்க ஆடுகிறாரே, ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாதே, கீட்டன் தன் உடம்பை அப்படித்தான் திரையில் வைத்தார். கூத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படம் அந்நியப்படாததற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

இனி என் விடை. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய இரவு. எனக்கு ஒன்பது வயது. எங்களுடையது மண்சுவர், கிடுகுக் கூரை. காற்று ஏறத் தொடங்கியதும் அப்பா எங்களைக் கல் கட்டடமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். போகுமுன் வீட்டுக் கதவில் ஆமைப்பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். விடிந்து திரும்பி வந்தோம். தென்னைகள் எல்லாம் சொல்லிவைத்ததுபோல் ஒரே திசையில் கிடந்தன. வீட்டில் கூரை இல்லை, சுவர் இல்லை. நிலையும் கதவும் மட்டும் நட்டநடுவே நின்றன. பூட்டு பூட்டியபடி இருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். போனவர், பழக்கதோஷம், கதவைத் திரும்பச் சாத்திவிட்டார். சுவரே இல்லாத வீட்டுக்குள் அவர் நிற்பது எங்களுக்கு முழுதாகத் தெரிகிறது. அம்மம்மா சிரிக்கத் தொடங்கினார். "மருமகன், கள்ளன் வந்திருந்தாலும் வாசலோடு திரும்பியிருப்பான்" என்றார். அம்மா சிரித்தார், நாங்கள் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து வளவில் ஒப்பாரி கேட்டபோதுதான் நிறுத்தினோம்.

அந்தச் சூறாவளி கிழக்கில் ஆயிரம் பேரளவில் கொண்டுபோனது. அதை மறந்து நாங்கள் சிரிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கீட்டனின் முகத்தை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது, இந்த மனிதரை எங்கோ கண்டிருக்கிறேனே என்றுதான் தோன்றியது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படம் வெளிவந்தபோது பெரிதாக ஓடவில்லை. அதே ஆண்டில் கீட்டன் தன் சொந்தப் படப்பிடிப்பு நிலையத்தை விட்டு ஹொலிவூட்டின் பெரிய பட நிறுவனமான எம்.ஜி.எம்.மில் சேர்ந்தார். வாழ்க்கையில் செய்த பெரும் பிழை அது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தம்பி, அந்தச் சுவர் காட்சியை இன்னொரு தடவை போடுங்கள். விளக்கை அணையுங்கள். இந்த முறை சுவரைப் பார்க்க வேண்டாம், அது எப்படியும் விழும். அவருடைய பாதங்களைப் பாருங்கள்.