"எப்போ கிளம்புவீங்க?"

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெளிநாட்டு ஊழியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளைப் பார்த்துத்தான் இன்று பேசுகிறேன், மற்றவர்களும் கேளுங்கள்.

முதல் தடவை நான் போனபோது எனக்கு 22 வயது. இரண்டு வாரப் பயணம், ஒரு பிள்ளைகள் இல்லம். வேனை விட்டு இறங்கியதும் ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சின்னப் பெண் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனசு உருகிப்போய், இதற்காகத்தான் ஆண்டவர் என்னை அழைத்தார் என்று அன்று இரவே சாட்சி சொன்னேன். அவளுக்கு ஆங்கிலத்தில் மொத்தமே நாலைந்து வாக்கியம்தான் தெரியும். அதில் ஒன்று, "எப்போ கிளம்புவீங்க?" மறுநாள் காலை தடுமாறாமல் கேட்டாள். எத்தனை பேரிடம் கேட்டுக் கேட்டு அது அவள் வாயில் பழகியிருக்கும் என்பது ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளை ஏறி உட்கார்ந்தால் நாம் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆள் மாறி மாறி வளர்க்கும் இடங்களில் உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி தெரியும், நிலையாக ஒருவர் இல்லாததால் வருகிறவர் எல்லாரையும் பிள்ளை பற்றிக்கொள்கிறது. நாம் இரண்டு வாரம் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு குழு வரும். பிள்ளை அங்கேயே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். உலகம் முழுக்க அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பிள்ளைகளை இல்லத்தில் கொண்டுவந்து விட்டது பெரும்பாலும் சாவு அல்ல, வறுமைதான். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. பார்க்க ஆள் வந்தால் காணிக்கையும் வரும், காணிக்கை வந்தால் இல்லத்துக்குப் பிள்ளைகள் வேண்டும், அந்தப் பிள்ளைகள் ஏதோ ஒரு ஏழை வீட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் பேசினார்கள். நல்ல மனசோடு போன நம்மைப் போன்றவர்களின் பணமும் இதில் கலந்திருக்கிறது.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். போங்கள். ஆனால் யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளை "விசாரிக்கிறதும்" என்று இருக்கிறதே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசியுங்கள். விசாரிக்கிறவர் முதலில் கேட்பார். இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே, வாடகைக்கு வழி இல்லையா, பள்ளிக்கூடம் தூரமா, என்ன செய்தால் இவன் வீட்டிலேயே இருந்து வளர முடியும்? அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார், 1951-ல் கண்மூடும் வரை ஊருக்குத் திரும்பவில்லை, தமிழ் படித்தார், பிள்ளைகளுக்கு அம்மாவானார். நம்மில் அப்படித் தங்கப் போகிறவர் அபூர்வம். சரி, தங்க முடியாதவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்குக் கை கொடுக்கலாமே. இரண்டாம் தடவை ஓராண்டு போனபோது நான் செய்ததில் பாதி, கணக்கு எழுதியதும் பாத்திரம் கழுவியதும்தான்.

அந்தப் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் 14 வயதுப் பையன் ஒருவன் முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தான். ஆறு வாரம் முகத்தையே பார்க்காதவன். நான் எதுவும் கேட்கவில்லை, சோப்பு நுரையோடு தட்டை நீட்டினேன், அவன் அலசி அடுக்கினான், அப்புறம் தன் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், தட்டு தீர்ந்த பிறகும் பேசினான். வளர்ந்த பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள், பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்யுங்கள்.

பசியோடு இருக்கும் பிள்ளையிடம் மிட்டாயைக் காட்டி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லி எண்ணிக்கை எடுக்காதீர்கள். அது சுவிசேஷம் இல்லை. பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள், போட்டோ எடுத்துப் போடாதீர்கள், "திரும்ப வருவேன்" என்று வாயைவிடாதீர்கள். கிளம்பும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் காலண்டரைச் சுவரில் மாட்டி, முடிந்த நாளை அவர்கள் கையாலேயே கோடு போட்டு அழிக்கச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்தவர்கள் இருங்கள். குற்றப் பதிவு எதுவும் இல்லை என்ற காவல்துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் இன்றே எழுதலாம். டிக்கெட், விசா எல்லாம் அப்புறம் பேசுவோம். அடுத்த ஞாயிறு வரும்போது நீங்கள் போகிற நாட்டு மொழியில் "சாப்பிட்டாயா", "வலிக்கிறதா" இந்த இரண்டையும் சொல்லப் பழகிக்கொண்டு வாருங்கள்.