இயந்திரத்திடம் கேட்டு வாங்கும் தாளம்

நேயர்களுக்கு வணக்கம். இண்டஸ்ட்ரியல் மெட்டல், அதாவது கனத்த கிட்டாரோடு இயந்திரச் சத்தம் கலந்த பாட்டு ஒன்றைப் பதிவு செய்து, அதற்கு வீடியோவும் எடுக்க நினைக்கிற நம்ம ஊர் இளைஞர்களுக்காக இந்த உரை.

1980-இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ஐன்ஸ்டூர்சென்டே நொய்பாவ்டன் குழு, இரும்புத் தகட்டையும் டிரில்லையும் வாத்தியமாக்கியது. பர்மிங்காமின் காட்ஃப்ளெஷ், டிரம்மரே இல்லாமல், தானே தாளம் போடும் டிரம் மெஷினை வைத்து 1989-இல் ஓர் ஆல்பம் தந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே இருக்கும்போது, இயந்திரச் சத்தத்தை நாம் இணையத்தில் தேடவே வேண்டாம்.

பாட்டின் வேகத்தை இயந்திரத்திடமே கேட்டு வாங்குங்கள். தோல் பதனிடும் மர டிரம் ஒன்று நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 5 விநாடி. பாட்டை 96 பிபிஎம்-இல், அதாவது நிமிடத்துக்கு 96 தாள அடியில் வைத்தால், அந்த 5 விநாடிக்குள் சரியாக 8 அடி, அதாவது நான்கு நான்கு அடியாக இரண்டு பார். ஈரத்தோல் புரண்டு விழுகிற சத்தம் இரண்டு பாருக்கு ஒரு முறை அதே இடத்தில் வந்து உட்காரும். 120-இல் வைத்தால் 10 அடி ஆகிவிடும். அடுத்த சுற்றிலேயே சத்தம் பாரின் நடுவில் விழும். பதிந்த சத்தத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சரிசெய்யலாம், ஆனால் இழுக்க இழுக்க அடியின் கூர்மை மழுங்கும்.

இரும்புத் தகட்டைப் பதியும்போது தரையில் வைத்துத் தட்டாதீர்கள், அதிர்வு செத்துவிடும். கயிற்றில் தொங்கவிட்டு, மைக்கை ஓர் அடி தள்ளி வைத்து, மெல்லியதிலிருந்து பலமானதுவரை ஐந்து விதமாகத் தட்டிப் பதியுங்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பதிவு மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பின்னால் சுருதியை இறக்கும் எண்ணம் இருந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவது நல்லது.

கிட்டாரின் தடித்த கம்பியை டி (D) சுரத்துக்கு இறக்கினால் அது 73 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கிக் டிரம் 60-ஐ ஒட்டி இருக்கும். இரண்டும் மோதிக் கூழாகாமல் இருக்க, கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அடியாழத்தை பேஸ் கிட்டாருக்கு விடுங்கள். ஒரே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து வைத்தால் அகலம் வராது. வேலூர் வெயிலில் கம்பி தளரும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள்.

இனி வீடியோ. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை சிமிட்டும். செல்போன் தானாகவே விநாடிக்கு 30 ஃபிரேமில் நிற்கும். அதை 25-க்கு மாற்றி, ஷட்டரை விநாடியில் 50-இல் ஒரு பங்காக வையுங்கள். இல்லாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டை ஓடும்.

பதிந்த பாட்டை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, பாடகர் அதற்கு உதடசைப்பதைப் படமெடுக்கும்போது, பெரிய ஷெட்டில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. நம் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஸ்பீக்கர் 14 மீட்டர் தள்ளி இருந்தால் பாடகரின் உதடு ஒரு ஃபிரேம் பிந்தும், 28 மீட்டர் என்றால் இரண்டு. ஆகவே ஸ்பீக்கரைப் பாடகரின் காலடிக்கே கொண்டுபோங்கள்.

உடல் மெதுவாக அசைய, உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போக வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில், 192-இல் ஒலிக்கவிட்டு, 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள். இயந்திரமும் மனிதரும் ஒரே கனத்தில் நகர்வதுபோல் தெரியும். இந்த இசைக்கு இதைவிடப் பொருந்தும் காட்சி இல்லை என்பது என் கருத்து.

கிரைண்டர் தீப்பொறி அழகுதான், ஆனால் அந்தத் துகள் லென்ஸில் ஒட்டிக் குழி விழுத்தும். முன்னால் ஒரு யுவி ஃபில்டர் மாட்டுங்கள். வெல்டிங் ஒளியை நேராகப் படம்பிடிக்கவே வேண்டாம், கண்ணும் போகும், கேமரா சென்சாரும் போகும்.

ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவு மேட்டை யாரும் காட்சிப் பின்னணியாக்க வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலையும் தோலையும் அரிக்கும். அங்கே ஆட்களை ஆடவைப்பது தவறு. வார விடுமுறையில் ஓடாத ஷெட்டை முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி எடுங்கள். மெயின் சுவிட்ச் இறங்கி, சாவி உங்கள் குழுவில் ஒருவர் கையில் இருந்தால் மட்டுமே தோல் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்தில் போங்கள்.