கூடினா கூடுமா, கூடினா குறையுமா?

எல்லாருக்கும் வணக்கம். நான் மண்டபம் பக்கம் பள்ளிக்கூடத்துல கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவன். நேர் மாறல், எதிர் மாறல் பத்திப் பேசுங்க சார்னு கூப்ட்டாங்க, போர்டும் இல்லாம சாக்பீஸும் இல்லாம எப்டிய்யா கணக்கு சொல்றதுன்னு கேட்டேன், வாயாலயே சொல்லுங்கன்னுட்டாங்க.

நான் எட்டாவது படிக்கிறப்போ பரீட்சைல ஒரு கேள்வி. 6 பேர் ஒரு வேலைய 4 நாள்ல முடிச்சா 8 பேர் எத்தன நாள்ல முடிப்பாங்க? நான் யோசிக்காம குறுக்கால பெருக்கி, 32-ஐ 6-ஆல வகுத்து அஞ்சே சொச்சம் நாள்னு எழுதிட்டு வந்துட்டேன். வீட்ல கருவாட்டுக்கு மீன் கீறிட்டு இருந்த ஆத்தாகிட்ட பெருமையா சொன்னேன். கத்திய வச்சுட்டு நிமிந்து பாத்துச்சு. "ஏன்டா, கிழிஞ்ச வலைய பொத்த ரெண்டு ஆளு கூட வந்து ஒக்காந்தா வேல சீக்கிரம் முடியுமா, இழுக்குமா?" ஆத்தா பள்ளிக்கூடம் போனதே இல்ல.

அங்கதான் சூட்சுமம் இருக்கு. நம்பரத் தொடுறதுக்கு முன்னாடி எது மாறாம நிக்கிதுன்னு பாருங்க. வலை ஒண்ணுதான், மொத்த வேலை 6 பெருக்கல் 4, 24 ஆள்-நாள். ஒரு ஆள் ஒரு நாள்ல செய்யிற வேலைதான் ஒரு ஆள்-நாள். அத 8 பேருக்குப் பிரிச்சா 3 நாள். பெருக்குன தொகை மாறாம நின்னா எதிர் மாறல், அவ்ளோதான்.

அதே ஆத்தா 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு போடும்னு வைங்க. 20 கிலோ மீனுக்கு 5 கிலோ, 26 கிலோவுக்கு ஆறரை கிலோ. இங்க நிக்கிறது வகுத்து வர்ற ஈவு, எப்பவும் 4. இது நேர் மாறல்.

பாம்பன் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, கணக்குக்கு ரெண்டுன்னே வச்சுக்குவோம். ரயில் 10 கிலோமீட்டர் வேகத்துல ஊந்து போனா 12 நிமிஷம், 20-ல போனா 6, 60-ல போனா 2. பாலம் நீளல, அதனால வேகம் கூடக் கூட நேரம் கொறையுது.

ஆனா ஒண்ணு, பிள்ளைங்க "கூடினா கூடுது சார், அப்ப நேர் மாறல்"னு அவசரப்படும். ஆட்டோவுல மினிமம் சார்ஜ்னு ஒண்ணு இருக்கே, தூரம் ரெண்டு மடங்கானா காசும் சரியா ரெண்டு மடங்கு ஆகுதா? ஆகாது. பத்து மீன் ரெண்டு நாள்ல காஞ்சா நூறு மீன் காய இருபது நாளா ஆகும்? மணல்ல எடம் இருந்தா அதே ரெண்டு நாள்தான். ஒண்ண ரெட்டிப்பாக்குனா இன்னொண்ணு சரியா ரெட்டிப்பாகணும், இல்ல சரியா பாதியாகணும். ரெண்டும் இல்லன்னா அது இந்தக் கணக்கே இல்ல, விட்ருங்க.

இப்ப பிள்ளைங்க நெறைய வழுக்குற எடம். ஒரு படகுல 5 பேருக்கு 6 நாளைக்கு குடிதண்ணி இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு, இன்ஜின் நின்னு போன வேற வள்ளத்துலேந்து 5 பேர ஏத்திக்கிறாங்க. இனி எத்தன நாளைக்கு வரும்? 5 பெருக்கல் 6, 30, அத 10-ஆல வகுத்தா 3-ன்னு சட்டுனு சொல்லிருவாங்க. அட, ரெண்டு நாள் குடிச்ச தண்ணி எங்க போச்சு? மிச்சம் இருக்குறது 5 பேருக்கு 4 நாளைக்கு, அதாவது 20 பங்கு. 10 பேருக்கு 2 நாள்தான் வரும். நடுக்கடல்ல ஒரு நாள் தப்பாச் சொன்னா என்னாகும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. 6 பேர் 3 வலைய 4 நாள்ல பொத்துறாங்க, 8 பேர் 5 வலைய எத்தன நாள்ல பொத்துவாங்க? மொதல்ல ஒரு வலைக்கு எத்தன ஆள்-நாள்னு பாருங்க, குறுக்கால பெருக்கப் போயிராதீங்க. விடை முழு எண்ணாத்தான் வரும், பின்னம் வந்துச்சுன்னா எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க. வரேன்.