பெருமாள் மலை பழைய எரிமலையா? ஏறிப் பார்த்துருவோம்

(காட்சி: மலைப்பாதை வளைவு, தூரத்தில் பெருமாள் மலை)

வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறுறப்ப, நெல்லைக் கொட்டிக் குவிச்ச மாதிரி ஒரு கூம்பு கண்ணுல படும். பெருமாள் மலை. உடனே வண்டியில ஒருத்தர், "அது அணைஞ்சுபோன எரிமலைடா"ன்னு ஆரம்பிப்பார். எங்க வண்டியில அது சித்தப்பா.

சரி, ஏறுவோம். வனத்துறை அனுமதி வாங்கிட்டுக் காலையிலேயே கிளம்பிருங்க. மதியத்துக்கு மேல மஞ்சு மூடினா எதுவும் தெரியாது. தைல மரம், சீகை மரம் தாண்டினா புல்வெளி. வழியில காட்டுமாடு நின்னா நாமதான் ஒதுங்கணும். மழைக்காலம்னா அட்டைக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்து வச்சுக்குங்க.

(காட்சி: உள்ளங்கையில் உடைந்த கல், மிக அருகில்)

இப்ப உடைஞ்சு கிடக்குற ஒரு கல்லைப் பாருங்க. வெளியே பழுப்பு. உள்ளே எண்ணெய் தடவின மாதிரி கரும்பச்சை, மணி மணியா கண்ணுக்கே தெரியுது. எரிமலைக் குழம்பு வெளியே வந்ததும் சட்டுனு ஆறிரும். மணி இவ்வளவு பெருசா வளர நேரமே இருக்காது. பல இடத்துல காத்து அடைச்ச ஓட்டை வேற இருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல.

இது சார்னோக்கைட். கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கோட கல்லறைக் கல்லை ஆராய்ஞ்சு, புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893ல வச்ச பேரு. நம்ம பல்லாவரத்துலயும் இதே கல்தான்! பூமிக்கு அடியில 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல வெந்து இறுகினது. வயசு 50 கோடி வருஷத்துக்கு மேல. மகாராஷ்டிராவுல பரவிக் கிடக்குற நிஜமான எரிமலைப் பாறைக்கு சுமார் 6.6 கோடிதான்; இதுக்கு அது பேரப்பிள்ளை.

அவ்வளவு ஆழத்துல கிடந்தது எப்படி மேல வந்துச்சு? நிலம் உயர உயர, மேல இருந்த பாறையை மழையும் ஓடையும் கரைச்சுக்கிட்டே போயிருக்கு. நாம உச்சின்னு ஏறி நிக்கிறது ஒரு காலத்துல பூமியோட அடிவயிறு. கூம்பா செதுக்கினதும் அதே தண்ணிதான்.

(காட்சி: உச்சி)

சித்தப்பா மேல வந்ததும் சுத்திச் சுத்திப் பள்ளத்தைத் தேடினார். "அப்போ கொடைக்கானல் ஏரி? அது எரிமலை வாய்தானே?" அதுவும் இல்ல. 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறிச்சுக் கட்டின ஏரி.

"எரிமலை பாக்கணும்னா எங்கடா போறது?"

அந்தமான்ல பாரன் (Barren) தீவு. இப்பவும் உயிரோட இருக்கு, சித்தப்பா. கப்பல்ல இருந்துதான் பாக்கணும், ஏற முடியாது.

"அப்ப முறுக்கை எடு"ன்னு பாறையில உக்காந்துட்டார்.