குளியலறைச் சுவரில் ஒன்று, தொழுவ விரிசலில் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் ரோமத்துடன், குட்டி விட்டிலைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விரட்டினால் தள்ளாடிப் பறந்து, இரண்டடி தள்ளி மறுபடியும் உட்காரும். சாக்கடை ஈ என்று சொல்லலாம். அது கடிக்காது, தோலைத் துளைக்கும் வாயே அதற்கு இல்லை.

அதன் புழு வடிகால் குழாயின் உட்புறத்தில் படியும் வழுவழுப்பான பாசியில் வளர்கிறது. ஆகவே ஆசிட்டை ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அது பாசியின் மேலாக வழிந்து ஓடிவிடும், புழு உள்ளே பத்திரமாக இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியை உரித்தெடுத்தால்தான் பூச்சி குறையும். இராமேஸ்வரத்து விடுதிக்காரர்கள் ஆசிட்டுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல பிரஷ்கள் எத்தனையோ வாங்கலாம். மருத்துவமனைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இதன் ரோமத்தில் சாக்கடைக் கிருமிகள் ஒட்டிவரக்கூடும். மற்றபடி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் கல் படுகைகளில் பாசியைத் தின்று அடைப்பு வராமல் காப்பதும் இந்தப் புழுதான்.

சைக்கோடிடே என்ற இந்தக் குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் இரத்தம் குடிக்கும் கிளைதான் மணல் ஈ. நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். உட்காரும்போதும் இறக்கைகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்தே வைத்திருக்கும். சத்தமில்லாமல், தத்தித் தத்திப் பறக்கும். கடிப்பது பெண் ஈ மட்டும். அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் எளிதாக நுழைந்துவிடும்.

பெயரில் மணல் இருந்தாலும், அலை நனைக்கும் மணலில் இது வளர்வதில்லை. காரங்காட்டு அலையாத்திக் காட்டை ஒட்டியோ கடற்கரையிலோ அந்தியில் மொய்த்துக் கடிப்பவை பெரும்பாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கியூலிகாய்ட்ஸ் என்ற பூச்சிகள். அவை சேற்றில் வளர்பவை. மனிதருக்கு அவற்றால் அரிப்புதான். செம்மறியாட்டுக்கோ அவை நீலநாக்கு நோயைக் கொண்டுவருகின்றன. கிடை போடும் கீதாரிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி பற்றிக் கேட்டுவைப்பது நல்லது.

மணல் ஈயின் புழு வளர்வது தண்ணீரிலும் அல்ல. மாட்டுத் தொழுவத்து ஈர மண், சாணம் கலந்த தரை, மண்சுவர் விரிசல், இவைதான் அதன் இடம். நம் நாட்டில் கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரைப் பரப்பும் பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற இனம் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனால் ஈ மட்டும் இருந்தால் நோய் வராது. அது ஒட்டுண்ணி உள்ள ஒருவரைக் கடித்துவிட்டு, பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும்.

அந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், காய்ச்சல் நோயாளியின் மண்ணீரலில் அதைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மனும் அதைப் பற்றி எழுதியிருந்தார். லீஷ்மேனியா டோனவனி என்று இருவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். பரப்புவது மணல் ஈதான் என்று நிரூபிக்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோதனைக்கூடத்தில் இரத்தம் மட்டுமே குடித்த ஈக்களிடம் ஒட்டுண்ணி சரியாகப் பெருகவில்லை. இரத்தத்துக்குப் பிறகு உலர்திராட்சையைக் கொடுத்தபோதுதான் அது செழித்தது. அப்படி வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர்கள் மீது கடிக்கவிட்டு, சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் உண்மையை நிலைநாட்டினார்கள். இயற்கையில் ஈ செடிச் சாறும் குடிக்கும் என்பது யோசித்தால் எளிய விஷயம்தான். அதை யோசிக்கத்தான் இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

தனுஷ்கோடியிலிருந்து கடல் தாண்டினால் தலைமன்னார். இலங்கையில் இதே ஈ, இதே ஒட்டுண்ணி. ஆனால் அங்கே பெரும்பாலும் தோலில் மட்டும் புண் வருகிறது. 1990-களிலிருந்து அந்த நாட்டில் அது பதிவாகிவருகிறது. வலியில்லாத, வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால் களிம்பு தடவிக் காலம் கடத்த வேண்டாம்.

பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கோ, அங்கே தங்கித் திரும்பியவர்களுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்து, இடப்பக்க வயிறு வீங்கி, உடல் மெலிந்தால், அவர்களை ஒதுக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கிருந்து வந்தவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது கருங்காய்ச்சலாக இருக்கலாம், ஆனால் நம் பக்கத்தில் அந்த நோய் சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வராது. விரல் நுனி இரத்தத்திலேயே சில நிமிடங்களில் பரிசோதித்துவிடலாம். லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரே தவணையாக நரம்பில் ஏற்றிப் பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறார்கள். வணக்கம்.